துண்டு போட்டவர்

கரியாலூர் பஸ் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பும்போதே ஓடத் தொடங்கிவிட வேண்டும். வண்டி நின்ற பிறகு ஏறிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் பண்பாளர்கள். அவர்கள் மலை ஏறி முடியும் வரைக்கும் நின்றுகொண்டே வருவார்கள். நான் பண்பாளன். எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு, மலையில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கடுக்காயும் தேனும் எடை போட்டு வாங்கும் உத்தியோகத்தில் இருந்தேன். படித்த படிப்புக்கும் பார்த்த வேலைக்கும் நடுவில் எனக்கு மிஞ்சியிருந்த ஒரே கௌரவம், பஸ் ஜன்னலுக்குள் துண்டு எறிந்து இடம் பிடிக்காமல் இருந்ததுதான்.

டாக்டரம்மா எறிவார்.

அவரை முதலில் பார்த்ததே அப்படித்தான். ஐம்பதை நெருங்கிய குள்ளமான ஓர் அம்மாள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மூட்டைகளையும் கூடைக் கோழிகளையும் தாண்டி ஓடி வந்து, நீலக்கரை போட்ட ஈரிழைத் துண்டு ஒன்றை ஜன்னல் வழியே வீசினார். அது சீட்டின் நடுவில் யாரோ விரித்து வைத்ததுபோல் போய் விழுந்தது. பக்கத்தில் நின்றவர்கள், "நிதானமா வாங்கம்மா, ஒங்க துண்ட எவன் எடுக்கப் போறான்" என்று வழிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் டாக்டர் அவர்தான் என்றும், வாரத்தில் ஒருநாள் கர்ப்பிணிகளைப் பார்க்க மலைக்கு வருகிறார் என்றும் அப்புறம்தான் தெரிந்தது.

ஆச்சரியம் அதற்கு மேல்தான். உள்ளே வந்தவர் உட்காரவில்லை. படிக்கட்டு ஓரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு மலைப் பெண்ணைக் கண்ணாலேயே தேடி எடுத்தார். "ஏ பொண்ணு, இங்க வந்து குந்து" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கம்பியைப் பிடித்து நின்றார். மலையில் வளைவுக்கு வளைவு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்துகொண்டே வந்தார்.

கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை. "இன்னாம்மா நீங்க, நிக்கறதுக்கா இந்த ஓட்டம் ஓடறீங்க?"

"நான் குந்தறதுக்கு எதுக்குய்யா துண்டு? நான்தான் வந்துட்டனே. துண்டு போடறது இன்னும் வராதவங்களுக்கு."

அன்றைக்கு அது ஒரு நல்ல பதில் என்று மட்டும் நினைத்தேன். அவருடைய மருத்துவம், கோபம், கேலி எல்லாமே அந்த ஒரு பதிலுக்குள்தான் இருந்தன என்று புரிய எனக்கு இரண்டு வருஷம் ஆனது. நான் கொஞ்சம் மெதுவானவன்.

ஆஸ்பத்திரியில் நர்சுகள் அவரைப் பற்றிச் சொல்லும் கதைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். குழந்தை பிறந்ததும் எல்லோரும் குழந்தையைச் சூழ்ந்துகொள்வார்கள். இவர் மட்டும் பின்னால் வரும் நஞ்சுக்காகக் காத்துக்கொண்டு நிற்பார். அதைக் கையில் ஏந்தி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓரமெல்லாம் விரலால் தடவி, "முழுசா வந்துட்டியா? ஒண்ணும் வுட்டுட்டு வரலியே?" என்று அதனிடமே கேட்பாராம். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் தாய்க்கு ஆபத்து என்பதால் எல்லா டாக்டர்களும் பார்க்கத்தான் செய்வார்கள். ஆனால் அதோடு பேசுகிறவர் இவர் ஒருவர்தான். 'நஞ்சு' என்ற சொல் மட்டும் அவருக்கு ஆகாது. "பத்து மாசம் சோறு போட்டவனுக்கு வெச்ச பேரப் பாரு. நஞ்சாம்!"

எனக்குக் கல்யாணமாகி முதல் வருஷத்திலேயே என் மனைவிக்கு நாள் தள்ளியது. அவளையும் கரியாலூரிலேயே வைத்திருந்தேன். வாந்தி என்றால் சாதாரண வாந்தி இல்லை. தண்ணீர் குடித்தாலும் திரும்பி வந்தது. வயிறு மட்டும் மாதத்துக்கு மீறிப் பெரிதாகத் தெரிந்தது. மலை அடிவாரத்தில், பஸ் போகும் சாலையிலேயே இருக்கும் எங்கள் ஊரிலிருந்து அம்மா ஏறி வந்தாள். மருமகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "ரெட்டப் புள்ளடா" என்று முடிவு சொல்லிவிட்டுக் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டாள்.

நாலாவது மாதம் தொடங்கும்போது ரத்தம் பட்டது. கள்ளக்குறிச்சிக்குக் கொண்டு வந்தோம்.

டாக்டரம்மா வயிற்றில் குழல் வைத்து நெடுநேரம் கேட்டார். இடம் மாற்றி மாற்றிக் கேட்டார். பிறகு கையுறை போட்டுக்கொண்டு பரிசோதித்தார். கடைசியில் நர்சிடம் தாழ்ந்த குரலில் ஒரே ஒரு சொல் சொன்னார்: "முத்துப்புள்ள."

வாசலில் காது வைத்துக்கொண்டு நின்ற என் அம்மாவுக்கு அந்தச் சொல் கேட்டுவிட்டது.

உலகத்தில் எத்தனையோ வியாதிகளுக்கு எத்தனையோ கோரமான பெயர்கள் இருக்கின்றன. இதற்குப் போய் இந்தப் பெயரை வைத்தவனை நான் தமிழ் படித்தவன் என்ற முறையில் இன்றுவரை மன்னிக்கவில்லை. அம்மா எதிர்க் கடைக்கு ஓடினாள். ஒரு பொட்டலம் கல்கண்டோடு திரும்பி வந்தாள். தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம், "எம்மருமவளுக்கு முத்துப் புள்ளயாம், டாக்டரம்மா வாயாலயே சொன்னாங்க!" என்று கையில் கையில் வைத்தாள். வாங்கியவர்களும் முகம் மலர்ந்து, "நல்லா இருக்கட்டும்" என்றார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தாள். நானும் வாயில் போட்டுக்கொண்டேன். 'முத்து' என்பதற்கு ஒன்பது பொருள் சொல்லத் தெரிந்தவன் நான், பத்தாவது தெரியவில்லை.

அறையை விட்டு வெளியே வந்த டாக்டரம்மாவின் உள்ளங்கையிலும் அம்மா ஒரு கல்கண்டு வைத்தாள்.

அவர் அதைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். தின்னவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. கையை மூடிக்கொண்டு, அம்மாவைப் பெஞ்சில் உட்கார வைத்துப் பக்கத்தில் நின்றார்.

"அக்கா, பஸ் ஸ்டாண்டுல துண்டு போடறதப் பாத்திருக்கீங்களா?"

"அதப் பாக்காமயா?" என்றாள் அம்மா.

"புள்ள தங்கறதும் அப்படித்தான். கரு உண்டான கொஞ்ச நாள்லயே அது ரெண்டாப் பிரியும். உள்ள இருக்கறது புள்ள. வெளிய சுத்தி நிக்கறது இன்னொரு கூட்டம். அந்தக் கூட்டந்தான் மொதல்ல ஓடும். ஓடிப் போயி கர்ப்பப்பை சுவத்துல பூந்து துண்டு போடும். ஆத்தாளோட ரத்தக் கொழாயெல்லாம் கரைச்சு அகலப்படுத்தி, நாம கழனிக்கு வாய்க்கா திருப்பற மாதிரி புள்ள பக்கம் திருப்பி வுடும். 'ஆளு வந்துகினு கிறாரு, இந்த மாசம் தீட்டு வேணாம்'னு ஒடம்புக்குச் சேதி சொல்லும். அதுவே வளந்துதான் நஞ்சா நிக்குது."

"செரிங்கம்மா," என்றாள் அம்மா. "புள்ள?"

"துண்டு வுழுந்து கீதுக்கா. ஆளு வரல."

அம்மா கல்கண்டுப் பொட்டலத்தின் வாயை மடித்தாள். "எப்ப வரும்?"

"இந்த பஸ்ஸுக்கு வராதுக்கா."

உள்ளே பிள்ளையே உருவாகவில்லை என்றும், இடம் பிடிக்க வந்த கூட்டம் மட்டும் ஆள் வராத சீட்டைச் சுற்றி முத்து முத்தாகப் பொங்கிக் கிடக்கிறது என்றும், உடனே எடுத்தாக வேண்டும் என்றும் மெதுவாகச் சொன்னார். நான் எதையாவது கேட்க வேண்டுமே என்று, அந்தக் கூட்டத்துக்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்று கேட்டேன். "ட்ரோஃபோபிளாஸ்ட்" என்றார். கள்ளக்குறிச்சி உரக்கடையில் லிட்டர் கணக்கில் விற்கும் ஏதோ ஒன்றின் பெயர் மாதிரி இருந்தது. வாயில் இருந்த கல்கண்டை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கை கழுவப் போகும்போதுதான் உள்ளங்கையைத் திறந்தார். கல்கண்டு பாதி கரைந்து விரல்களில் ஒட்டியிருந்தது.

எடுத்ததை அம்மா பார்த்துவிட்டாள். கொத்துக் கொத்தாக, வெந்த ஜவ்வரிசி மாதிரி. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஜவ்வரிசிப் பாயசம் வைத்ததில்லை. ஏன் என்று யாரும் கேட்டதும் இல்லை.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று, அம்மாவின் துக்கம் கோபமாகத் திரண்டு என் மனைவி பக்கம் திரும்பியது. கட்டிலில் அவள் படுத்திருக்கும்போதே டாக்டரம்மாவிடம் சொன்னாள்: "எங்க வம்சத்துல இப்பிடி ஒண்ணு நடந்ததில்லீங்கம்மா. இவ வயித்துல எடம் செரியில்ல."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். துடைத்தால் யாரோ திட்டு வாங்கப் போகிறார்கள் என்று நர்சுகளுக்குத் தெரியும். ஒருத்தி நகர்ந்து நின்றாள்.

"எடத்துக்கு இன்னாக்கா கொற? நல்ல ஜன்னல் ஓரத்து சீட்டு அது. துண்டு போட்டவன்தான் ஒங்க வூட்டு ஆளு."

"இன்னா சொல்றீங்க?"

"மத்த புள்ளைங்கன்னா ஆத்தா பங்கு பாதி, அப்பன் பங்கு பாதி. இதுல ஒங்க மருமவ பங்கு ஒண்ணுமே இல்ல. அவ பங்கு இல்லாத வெறும் முட்டையில அப்பன் பங்கு மட்டும் பூந்துடுச்சு. முழுக்க முழுக்க ஒங்க வம்சந்தான். பெரிய புஸ்தகத்துலயே போட்டிருக்கான்." பிறகு குரலைத் தணித்தார். "யாரும் வேணும்னு பண்றதில்லக்கா. சில நேரம் இப்பிடி ஆயிடுது. ஆனா பழி போடறதா இருந்தா முகவரி பாத்துப் போடுங்க."

அம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு காரியத்தை யார் உதவியும் இல்லாமல் நான் ஒருவனே முழுதாகச் செய்திருந்தேன். அது இப்படி ஆகியிருந்தது. கட்டிலில் என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்த முதல் சிரிப்பு அது. சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறியது. அம்மா போய் அவள் காலடியில் உட்கார்ந்தாள். காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, நல்லாக் கேட்டுக்கோ. சில பேருக்கு, தொடச்சி எடுத்தாலும் இந்தக் கூட்டத்துல ரெண்டு பேரு எங்கியாவது ஒளிஞ்சிருப்பான். அவனுக்கு எடம் புடிக்கறது மட்டுந்தான் தெரியும். யாருக்குன்னு தெரியாது. வயித்துல புடிப்பான், நெஞ்சுல புடிப்பான், மூளையிலயும் புடிப்பான். புத்துநோய் மாதிரி ஆயிடும். ஒரு வருசம் நாம அவனக் கவனிச்சிக்கினே இருக்கணும். அதுவரைக்கும் அடுத்த புள்ள கூடாது."

கவனிப்பது எப்படி என்றால், அந்தக் கூட்டம் உடம்புக்கு அனுப்பும் சேதி மூத்திரத்தில் இறங்கும். கர்ப்பமா என்று பார்க்கும் அதே சோதனைதான். கறுப்புக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டு, மருந்தைக் கலந்து, மெல்ல ஆட்ட வேண்டும். அது பால்போல் அப்படியே நின்றால் சேதி வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பால் திரிவதுபோல் பொடிப்பொடியாகத் திரிந்தால், ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிற மற்ற பெண்கள் எல்லாம் திரியக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கும்போது, நாங்கள் மட்டும் திரிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். "பால் திரிஞ்சா சந்தோஷப்படற குடும்பம் நம்ம குடும்பந்தான்" என்றாள் என் மனைவி.

இரண்டு மூன்று மாதத்தில் திரியத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் டாக்டரம்மா, "எறங்கிட்டான் போல கீது. ஆனா பஸ் ஸ்டாண்ட வுட்டுப் போயிட்டானான்னு பாக்கணும்" என்பார்.

அந்த வருஷம்தான் இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் கொதித்துக்கொண்டிருந்தது. சுவருக்குச் சுவர் எழுத்து. டீக்கடையில் பெஞ்சுக்கு ஒரு கட்சி. ஒருநாள் மலை பஸ்ஸில் டாக்டரம்மாவின் துண்டு விழுந்திருந்த சீட்டில், அதைத் தள்ளி வைத்துவிட்டு வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் உட்கார்ந்துவிட்டார். வழக்கம்போல் வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்த டாக்டரம்மா, "அது துண்டு போட்ட எடங்க" என்றார்.

வெள்ளைச் சட்டைக்காரர் இவர் யார் என்று தெரிந்துவைத்திருந்தார். "காலேஜ்லதான் கோட்டாவுல சீட்டு வாங்கனீங்க. பஸ்லயுமா?" என்றார்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆமாங்க, கோட்டாதான். எனக்கு முன்னாடி யாரோ ஓடிப் போயி எனக்கு ஒரு எடம் புடிச்சி வெச்சிருந்தாங்க. அவங்க மூஞ்சி கூட எனக்குத் தெரியாது. அவங்கள்ல ஒருத்தரும் அந்த எடத்துல குந்தல. களமருதூர்ல எங்கம்மா அடுத்தவங்க கழனியில நாத்து நட்டுக்கினு இருந்தப்ப, நான் போயிக் குந்தனேன். அதுக்குத்தான் இப்ப நின்னுகினு வரேன். எந்திரிங்க."

அவர் எழுந்தார். பிறகு மலை உச்சிவரை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வந்தார்கள். வளைவுகளில் ஒருவர்மேல் ஒருவர் சாயாமலிருக்க மிகவும் பாடுபட்டார்கள்.

ஒரு வருஷக் கவனிப்பு முடியும் தறுவாயில், ஒரு முறை தகட்டில் பால் சரியாகத் திரியவில்லை. டாக்டரம்மா ஆட்டி ஆட்டிப் பார்த்தார். "சந்தேகமா கீது. அடுத்த வாரமே கொண்டா. மறுபடியும் இப்பிடியே நின்னா அன்னிக்கே மெட்ராஸுக்கு அனுப்பிடணும். ஊசி இருக்குது, கேக்கும். ஆனா நாள் தள்ளக் கூடாது."

அடுத்த வாரம் சாலைகளே இல்லை.

இட ஒதுக்கீட்டு மறியலுக்காகச் சாலையோரத்துப் புளிய மரங்களையெல்லாம் வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் ஒன்றும் ஓடவில்லை. என் மனைவியை அவ்வளவு தூரம் நடத்திக் கூட்டிவர முடியாது. காலையில் பிடித்த மூத்திரத்தை, கொதிநீரில் அலசிய பாட்டில் ஒன்றில் ஊற்றிக் கொடுத்தாள். சங்கத்து பாட்டில் அது. 'சுத்தமான மலைத்தேன்' என்ற லேபிள் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. "திரிஞ்சா நல்லது" என்றாள். "திரியலன்னா மூஞ்ச மாத்தி வெச்சிக்கினு வராத. வாசல்லயே சொல்லிடு."

சங்கத்து ஜீப் அடிவாரம்வரை இறக்கிவிட்டது. அங்கிருந்து நடந்தேன். வெட்டிய மரங்கள்மேல் ஏறி ஏறி இறங்க வேண்டியிருந்தது. புளியம்பூ அப்போதும் கிளையில் வாடாமல் இருந்தது. கள்ளக்குறிச்சி நெருங்கும் இடத்தில், சாய்ந்து கிடந்த பெரிய மரம் ஒன்றைச் சுற்றி ஐம்பது அறுபது பேர் நடுரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கப்பா போற?" என்றார் தலைப்பாகை கட்டிய ஒருவர்.

"ஆஸ்பத்திரிக்குங்க."

"பையில இன்னா?"

"பாட்டிலுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பின்னால் இருந்து ஒருவன், "மலையிலேருந்து பாட்டிலோட எறங்கறவன் எவன்டா ஆஸ்பத்திரிக்குப் போறான்? ஊத்தச் சொல்லு மாமா!" என்றான். கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் பாட்டில் என்றால் கள்ளச்சாராயம் என்று ஒரு பெயர் இருந்தது. தலைப்பாகைக்காரர் பாட்டிலை வெளியே எடுத்தார். லேபிளைப் படித்தார். நிறமும் பொருத்தமாகவே இருந்தது. "தேனுதான்டா" என்று சொல்லி, மூடியைத் திறந்து, விரலை உள்ளே விடப் போனார்.

"அண்ணே, வேணாம்! அது எம் பொண்டாட்டி மூத்திரம்!" என்று கத்தினேன்.

சாலை மறியல் சற்றுநேரம் நின்றுபோனது. பிறகு எழுந்த சிரிப்பில் மரத்து இலை ஆடியது. தலைப்பாகைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒடம்புக்கு இன்னா?" என்றார். சொன்னேன். டாக்டரம்மா சொல்லித்தான் எனக்கும் தெரியும் என்பதால் அவர் சொன்னபடியே, துண்டு, பஸ், வராத ஆள் என்று சொன்னேன்.

அவர் மூடியை இறுக்கினார். தலையிலிருந்த துண்டை அவிழ்த்து உதறி, பாட்டிலைச் சுற்றி என் கையில் கொடுத்தார். "வெய்யிலு ஜாஸ்தியா கீது. சூடு ஏறிடப் போவுது. பத்தரமா எடுத்துக்கினு போ." அடுத்த மரத்துப் பக்கம் திரும்பி, "ஆஸ்பத்திரிக்குப் போறாரு, வுடுங்கடா!" என்று குரல் கொடுத்தார். குரல் மரத்துக்கு மரம் தாவி எனக்கு முன்னால் போனது.

"துண்ட எப்பிடிண்ணே திருப்பிக் குடுக்கறது?"

"வரும்போது குடு. நான் எங்க போவப் போறேன்? எம்புள்ளைங்களுக்கு ஒரு எடம் கெடைக்கற வரைக்கும் இங்கதான் குந்தியிருப்பேன்."

ஆஸ்பத்திரியில் சோதனைக்கூடத்து ஆள் வர முடியவில்லை. டாக்டரம்மாவே தகட்டை எடுத்துத் துடைத்தார். ஒரு சொட்டு விட்டார். மருந்தைக் கலந்தார். மெல்ல ஆட்டினார். இரண்டு தலைகளும் அந்தச் சிறு கறுப்புச் சதுரத்தின்மேல் குனிந்திருந்தன. பால் பாலாகவே நின்றது. அவர் ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் அதுவரை படித்த எந்தப் பக்கத்தையும் அவ்வளவு உற்றுப் படித்ததில்லை. ஓரத்தில் ஒரு பொடி தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு முழுவதும் மணல் தூவியதுபோல் ஆனது.

"திரிஞ்சிடுச்சு," என்றார். தகட்டைக் கீழே வைத்தார். "போன வாரம் மருந்து செரியில்ல. இல்ல, என் கண்ணு செரியில்ல. போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. எறங்கிப் போயிட்டான்."

அப்புறம்தான் துண்டைப் பார்த்தார். யாருடையது என்று கேட்டார். சொன்னேன். மடித்துக் கொடுத்தார். "கொண்டு போய்க் குடுத்துடு" என்றார்.

நான் திரும்பி வரும்போது அந்த இடத்தில் யாரும் இல்லை. மரத்தை ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். செருப்புகள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. அந்த வாரம் வடக்கே பல இடங்களில் துப்பாக்கிச் சூடு நடந்தது என்றும், சாலையில் உட்கார்ந்தவர்களில் சிலர் வீடு திரும்பவில்லை என்றும் பிறகு பேப்பரில் படித்தேன். அவர் பெயரை நான் கேட்டிருக்கவில்லை. துண்டைத் துவைத்து மடித்து என் பையிலேயே வைத்திருந்தேன், எங்காவது பார்த்தால் கொடுக்கலாம் என்று.

இன்னும் சில மாதம் பார்த்துவிட்டு, டாக்டரம்மா, "இனிமே அடுத்த பஸ்ஸுக்கு நிக்கலாம்" என்றார். நின்றோம். அவர் தெற்கே எங்கோ மாற்றலாகிப் போனதெல்லாம் எங்களுக்குக் குழந்தை பிறந்த பிறகு. இப்போது இருந்தால் தொண்ணூறை நெருங்கியிருப்பார்.

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது ஒரு விடியற்காலையில். அவர் மலைக்குப் போகும் கிழமை அது. அம்மாவும் என் மாமியாரும் குழந்தையிடம் ஓடிவிட்டார்கள். டாக்டரம்மா என்னை மட்டும் நிறுத்தி, ஒரு தட்டை முன்னால் நீட்டினார். அதில் ஈரமாக, கருஞ்சிவப்பாக, வட்டமாக ஒன்று இருந்தது.

"எல்லாரும் குந்தன ஆளத்தான் பாக்கப் போவாங்க. நீயாவது இவனப் பாரு. வேத்து ஆளுன்னு தெரிஞ்சும் ஆத்தா ஒடம்பு இவன வெளிய தள்ளல. இன்னா சொல்லிச் சமாளிச்சான்னு எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியல. முழுசா வந்துட்டான். ஒரு பிசிறு கூட வுடல."

அம்மா எப்போது திரும்பி வந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. பின்னால் நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதாம்மா அது?"

"இவன்தாங்க்கா."

அம்மா என் பக்கம் கையை நீட்டினாள். "டேய், துண்டு வெச்சிருக்கியா?"

பையில் ஒன்றுதான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். தட்டில் இருந்ததை அம்மா அதில் வைத்து முடிந்தாள்.

எங்கள் வீட்டில் பிறந்த எல்லோருடையதையும் கிணற்றடியில்தான் புதைப்பது வழக்கம். அதை அன்றே செய்ய வேண்டும் என்று அம்மா மலை பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். ஜன்னல் ஓரம் அம்மாவுக்கு இடம் கிடைத்தது. பக்கத்துச் சீட்டில் அந்தத் துண்டு மூட்டையை வைத்து, குலுக்கலில் உருளாமல் ஒரு கையை அதன்மேல் வைத்துக்கொண்டாள். நான் நின்றேன். எனக்கு முன்னால் டாக்டரம்மாவும் கம்பியைப் பிடித்து நின்றார். தம் துண்டு போட்ட இடத்தில் வேறு யாரையோ உட்கார வைத்திருந்தார்.

கூடையோடு ஏறிய ஒருத்தி அம்மாவிடம், "யாருக்கும்மா துண்டு போட்டிருக்க? ஆளு வருதா?" என்று கேட்டாள்.

"ஆளு வந்தாச்சும்மா," என்றாள் அம்மா. "இது அதுக்கு எடம் புடிச்சது. இன்னிக்கி ஒருநாள் குந்திக்கினு வரட்டும்."

கூடைக்காரிக்கு ஒன்றும் புரியவில்லை, நகர்ந்து போனாள். அப்போதுதான் அம்மா நிமிர்ந்து டாக்டரம்மாவைப் பார்த்தாள். சட்டென்று எழுந்து, "நீங்க இங்க வந்து குந்துங்கம்மா. ராவெல்லாம் நின்னுகினு இருந்தீங்க" என்றாள்.

டாக்டரம்மா அந்தச் சீட்டைப் பார்த்தார். பஸ் கிளம்பிக் குலுங்கியது. மூட்டை சரியப் போக, அவரே குனிந்து அதைப் பிடித்து நேராக வைத்தார்.

"அது குந்திக்கினு வருதில்ல," என்றார். "அது போதும்க்கா."